பருவ இறுதிச் செய்திமடலும் மூன்று கழிப்பறைகளும்

ஆஸ்திரேலியாவில் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி பருவ முடிவில் பெற்றோருக்கு அனுப்பும் செய்திமடலைப் பார்த்திருக்கிறீர்களா? சிட்னியிலோ மெல்பர்னிலோ பிள்ளைகளைப் படிக்க வைக்கிற சொந்தக்காரர், நண்பர் யாராவது இருந்தால் கேட்டு வாங்கிப் படியுங்கள். நிறைய பள்ளிகள் தங்கள் இணையதளத்திலேயே போட்டு வைக்கின்றன. கொஞ்ச காலமாக எனக்கு இதை வாசிப்பது ஒரு பொழுதுபோக்கு. வேலையில் நாள் முழுக்க லாக் ஃபைல் படிக்கிறவனுக்கு இதுவும் ஒரு லாக் ஃபைல் மாதிரிதான் தெரிகிறது. ஒவ்வொரு வரியும் சப்பென்று இருக்கும். ஆனால் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால், அதற்குப் பின்னால் ஏதோ ஒரு காரணம் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தக் காரணத்தைத் தேடிப் போனபோது கிடைத்த வரலாறு நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிது. ஒரு சின்ன ஊர், மூன்று கழிப்பறைகள், ஒரு வாரத்துக்கு இழுத்து மூடப்பட்ட பள்ளிகள், அதன் பிறகு திசை மாறிய ஒரு நாட்டின் கல்விக் கொள்கை எல்லாம் அதில் வருகின்றன. வரிசையாகப் பார்ப்போம்.

மடலில் என்னதான் இருக்கும்?

அங்கே பள்ளி ஆண்டு ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ ஆரம்பித்து டிசம்பரில் முடியும். மொத்தம் நான்கு பருவம். ஒவ்வொன்றும் சுமார் பத்து வாரம். ஒவ்வொரு பருவத்தின் கடைசி வாரத்திலும் ஒரு பெரிய மடல் வரும். பள்ளிக்குப் பள்ளி பெயர்கள் மாறுமே தவிர, சட்டகம் ஏறத்தாழ ஒன்றுதான்.

முதலில் தலைமை ஆசிரியரின் கடிதம். ஒரு சிறு செபம் அல்லது நற்செய்திச் சிந்தனை. இந்த நிலத்தின் பூர்வகுடிகளை நினைவுகூரும் வரி. பிறகு நன்றிகள். கேன்டீனில் சாண்ட்விச் கட்டிக் கொடுத்த பெற்றோருக்கு, சீருடைக் கடையில் உட்கார்ந்தவர்களுக்கு, சனிக்கிழமை காலையில் மண்வெட்டியோடு வந்து பள்ளித் தோட்டத்தைச் சுத்தம் செய்தவர்களுக்கு என்று பட்டியல் நீளும். இந்தச் சனிக்கிழமை வேலையை அங்கே 'வொர்க்கிங் பீ' என்பார்கள். நம்ம சிரமதானம்தான்.

அடுத்து வசூல் செய்திகள். சாக்லேட் பெட்டி விற்ற கணக்கு, ராஃபிள் சீட்டுக் குலுக்கலில் யாருக்கு என்ன விழுந்தது, அடுத்த பருவம் நடக்கவிருக்கும் பள்ளிச் சந்தைக்கு எந்த வகுப்பு எந்தக் கடை போடுவது. பிறகு தர்மக் கணக்கு. முதல் பருவம் ஈஸ்டரை ஒட்டி முடிவதால் தவக்கால உண்டியல் பணம் காரித்தாஸ் அமைப்புக்குப் போகும். நான்காம் பருவ முடிவில், ஏழைக் குடும்பங்களுக்கான கிறிஸ்துமஸ் கூடைகளுக்கு என்ன சாமான் வேண்டும் என்று வின்சென்ட் தே பவுல் சபைப் பிள்ளைகள் கேட்பார்கள். புதுநன்மை வாங்கிய பிள்ளைகளின் படம், உறுதிபூசுதல் தேதி, ஓட்டப் போட்டி முடிவுகள், பள்ளியை விட்டுப் போகும் குடும்பங்களுக்கு விடைகொடுப்பு. உரிமை கோரப்படாத தொப்பிகளும் தண்ணீர் பாட்டில்களும் அலுவலகத்தில் குவிந்து கிடக்கின்றன என்ற புலம்பல் கட்டாயம் உண்டு.

கடைசிப் பக்கத்தில் கட்டண நினைவூட்டல். அதோடு பல மடல்களில் ஒரு வரி சேர்ந்து வரும்: கட்டணம் செலுத்தச் சிரமப்படும் குடும்பங்கள் தயங்காமல் தலைமை ஆசிரியரிடம் பேசவும். இந்த வரியை நினைவில் வையுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

இதில் எனக்குத் தோன்றிய கேள்வி இது. வசதியான ஒரு நாட்டில், பெரும்பகுதி அரசுப் பணத்தில் நடக்கும் ஒரு பள்ளி எதற்காக இத்தனை சாக்லேட் விற்க வேண்டும்? தோட்டத்தைச் சுத்தம் செய்ய ஏன் அப்பா அம்மா வர வேண்டும்?

அரசு கைவிரித்த கதை

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களில் திருச்சபைப் பள்ளிகளுக்கு அரசு உதவி இருந்தது. ஆங்கிலிக்கன், பிரெஸ்பிட்டேரியன், கத்தோலிக்கம் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைத்தது. பிறகு இலவச, கட்டாய, மதச்சார்பற்ற பொதுக்கல்வி என்ற எண்ணம் வலுத்தது. விக்டோரியா 1872-இல் சட்டம் போட்டது. நியூ சவுத் வேல்ஸில் ஹென்றி பார்க்ஸ் 1880-இல் பொதுக்கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதன்படி 1882 கடைசியோடு திருச்சபைப் பள்ளிகளுக்கான உதவி நின்றது. மற்ற குடியேற்றங்களும் முன்பின்னாக இதே வழியில் போயின.

புராட்டஸ்டன்ட் சபைகள் தங்கள் சாதாரணப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசிடம் விட்டுவிட்டன. கத்தோலிக்க ஆயர்கள் மறுத்தார்கள். 1879-இலேயே நியூ சவுத் வேல்ஸ் ஆயர்கள் பேராயர் வான் தலைமையில் அரசுப் பள்ளிகளைக் கடுமையாகச் சாடிக் கூட்டுச் சுற்றுமடல் எழுதினார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கப் பள்ளி என்பது அவர்கள் முடிவு.

முடிவு எடுப்பது சுலபம். யார் பணம் கொடுப்பது? அன்றைய ஆஸ்திரேலியக் கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர் அயர்லாந்து வழியினர். கூலித் தொழிலாளிகள், சிறு விவசாயிகள், வீட்டு வேலைக்காரப் பெண்கள். இவர்கள் வரியும் கட்ட வேண்டும், அந்த வரியில் நடக்கும் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பாமல் தனியாக ஒரு பள்ளியையும் கட்ட வேண்டும். ஒரே செலவை இரண்டு முறை செய்கிறோம் என்ற மனக்குறை அடுத்த எண்பது ஆண்டு அப்படியே இருந்தது.

சம்பளம் வாங்காத ஆசிரியைகள்

கணக்கு எப்படியும் உதைத்திருக்க வேண்டும். உதைக்காமல் காப்பாற்றியவர்கள் கன்னியாஸ்திரிகள்.

இதில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் மேரி மக்கிலப். 1842-இல் மெல்பர்னில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஜூலியன் டெனிசன் வுட்ஸ் என்ற குருவோடு சேர்ந்து 1866-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் பெனோலா என்ற சிற்றூரில், பழைய குதிரைக் கொட்டகை ஒன்றைத் திருத்திப் பள்ளி தொடங்கினார். திருத்திக் கொடுத்தவர் அவர் தம்பி. அங்கிருந்து வளர்ந்ததுதான் புனித சூசையப்பர் சபை. பெரிய மடம் கட்டிக்கொண்டு உள்ளே இருப்பது இவர்கள் வழக்கமல்ல. இரண்டு பேர், மூன்று பேராகப் போய் ஏழைகள் இருக்கும் இடத்தில் குடிசை போன்ற வீட்டில் தங்கிப் பள்ளி நடத்துவார்கள். கட்ட முடிந்தவர் கட்டணம் கட்டலாம், முடியாதவர் பிள்ளையை அனுப்பினால் போதும். 1871-க்குள் சபையில் ஏறத்தாழ 130 சிஸ்டர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

அதே 1871-இல் அடிலெய்டு ஆயரோடு ஏற்பட்ட பிணக்கில் மக்கிலப் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். சில மாதங்களில் அந்த ஆயரே மரணப் படுக்கையில் தடையை நீக்கினார். 1909-இல் மக்கிலப் இறந்தார். 2010-இல் ஆஸ்திரேலியாவின் முதல் புனிதராக அறிவிக்கப்பட்டார். மூன்றாம் பருவ மடல்களில் ஆகஸ்ட் 8 விழா பற்றிய செய்தி வருவது இவர் நினைவாகத்தான்.

இவர்கள் தவிர இரக்கத்தின் சகோதரிகள், பிரசன்டேஷன் சகோதரிகள், நல்ல சமாரித்தன் சகோதரிகள், கிறிஸ்தவ சகோதரர்கள், மரிஸ்ட் சகோதரர்கள் என்று பல சபைகள். அரசுப் பள்ளி ஆசிரியருக்குக் கிடைக்கும் சம்பளம் இவர்களில் யாருக்கும் இல்லை. சாப்பாடு, தங்க இடம், உடுத்த அங்கி. அவ்வளவுதான்.

ஒரு சின்னச் சமன்பாடு

எந்தப் பள்ளியின் செலவையும் இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று சம்பளம். மற்றது கட்டடம், மேசை நாற்காலி, பராமரிப்பு. இதில் சம்பளம்தான் பெரிய பங்கு. சிஸ்டர்கள் அதைக் கிட்டத்தட்ட பூச்சியம் ஆக்கிவிட்டார்கள். மீதி இருப்பது கட்டடமும் பராமரிப்பும். அது பங்கு மக்கள் தலையில் விழுந்தது.

சம்பளம் என்றால் மாதாமாதம் நிச்சயமான வருமானம் வேண்டும். ராஃபிள் சீட்டு விற்று ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. ஆனால் கூரை மாற்ற, வேலி போட, ஒரு வகுப்பறை கூட்டிக் கட்ட முடியும். ஒரு சந்தை, ஒரு நடன இரவு, ஒரு கேக் விற்பனை, ஞாயிறு பூசைக்குப் பிறகு இரண்டாவது காணிக்கைத் தட்டு. ஆள் கூலியை மிச்சம் பிடிக்கத் தச்சுவேலை தெரிந்த அப்பாக்கள் சனிக்கிழமை வருவார்கள். செய்திமடலில் நாம் பார்த்த வரிகள் எல்லாம் இந்தச் சமன்பாட்டின் இரண்டாம் பாதி. சிஸ்டர்களின் உழைப்பு முதல் பாதி, பெற்றோர் உழைப்பு இரண்டாம் பாதி. இரண்டுக்கும் ரசீது கிடையாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த ஏற்பாடு திணற ஆரம்பித்தது. ஒரு பக்கம் பிறப்பு விகிதம் ஏறியது. இன்னொரு பக்கம் இத்தாலி, மால்டா, போலந்து, ஹாலந்திலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் வந்து இறங்கின. ஒரே வகுப்பில் அறுபது எழுபது பிள்ளைகள் என்பது சர்வ சாதாரணம். சிஸ்டர்கள் எண்ணிக்கை அந்த வேகத்தில் ஏறவில்லை. கட்டடமும் ஏறவில்லை.

கோல்பர்ன், ஜூலை 1962

சிட்னியிலிருந்து தென்மேற்கே சுமார் 195 கிலோமீட்டரில் இருக்கிறது கோல்பர்ன். மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே ஓர் ஊர், உள்ளே ஒரு பேராலயம். இரக்கத்தின் சகோதரிகள் 1859-இலேயே அயர்லாந்திலிருந்து அங்கே வந்துவிட்டார்கள். அவர்கள் பள்ளிகளில் ஒன்று இரக்கத்தின் அன்னை ஆயத்தப் பள்ளி.

அந்தப் பள்ளியில் கழிப்பறைகள் போதவில்லை, கூடுதலாக மூன்று கட்டினால்தான் அங்கீகாரம் தொடரும் என்றது மாநிலக் கல்வித்துறை. துறை கேட்டதில் தப்பில்லை. பிள்ளைகளுக்குக் கழிப்பறை வேண்டும்தானே? ஆனால் கட்டப் பணம் இல்லை என்றது திருச்சபை. தரத்தை நிர்ணயிக்கும் அரசு அந்தத் தரத்துக்கு ஒரு காசு தராது என்றால் என்ன நியாயம் என்று பெற்றோர் கேட்டார்கள்.

வழக்கமாக என்ன நடக்கும்? இன்னொரு சந்தை, இன்னொரு ராஃபிள். இந்த முறை ஊர்க்காரர்கள் கூட்டம் போட்டு வேறு முடிவு எடுத்தார்கள். துணை ஆயர் ஜான் கல்லினேன் பின்னால் நின்றார். ஊரிலுள்ள கத்தோலிக்கப் பள்ளிகள் அத்தனையையும் மூடுவது, பிள்ளைகளை அரசுப் பள்ளி வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது. நாங்கள் கட்டும் வரியில்தானே அது நடக்கிறது, எங்கள் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் நடத்துவதாகத் திட்டம்.

ஜூலை 13, வெள்ளிக்கிழமை பள்ளிகள் மூடப்பட்டன. அன்றைக்கு நியூ சவுத் வேல்ஸில் மூன்று பருவ முறைதான். நான்கு பருவம் 1987-இல் வந்தது. ஆக இது விடுமுறை அல்ல, இரண்டாம் பருவத்தின் நட்டநடு. அடுத்த திங்கட்கிழமை சீருடை போட்ட பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் அரசுப் பள்ளிகளுக்கு நடந்தார்கள். ஏறத்தாழ 640 பேருக்கு இடம் கொடுக்க முடிந்தது. மீதிப் பேருக்கு இடமில்லை.

ஒரு வாரத்தில் போராட்டம் நிறுத்தப்பட்டது. பெற்றோர் மீண்டும் கூடி, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டோம் என்று பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். உடனடியாகக் கையில் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் நாடு முழுக்க ஒரு விஷயம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. எண்பது ஆண்டாகச் சிஸ்டர்களும் பெற்றோரும் சத்தமில்லாமல் சுமந்த எடை ஒரே நாளில் அரசின் தோளில் இறங்கினால் என்ன ஆகும் என்று ஒரு சின்ன ஊர் ஒத்திகை பார்த்துக் காட்டிவிட்டது. மென்பொருள் ஆட்கள் பாஷையில் சொன்னால் இது ஒரு லோடு டெஸ்ட்.

பணம் வந்த வழி

அன்றைய பிரதமர் ராபர்ட் மென்சீஸ் பிரெஸ்பிட்டேரியன் குடும்பத்துக்காரர். 1961 தேர்தலில் மயிரிழையில் தப்பியவர். கத்தோலிக்கர்கள் வழக்கமாகத் தொழிற்கட்சிக்கு ஓட்டுப் போடுபவர்கள். ஆனால் 1955-இல் அந்தக் கட்சி உடைந்து கத்தோலிக்கர்களில் ஒரு பகுதி பிரிந்திருந்தது. 1963 நவம்பர் தேர்தலுக்கு முன் மென்சீஸ் ஒரு வாக்குறுதி கொடுத்தார்: அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வித்தியாசம் பாராமல் உயர்நிலைப் பள்ளிகளின் அறிவியல் ஆய்வகங்களுக்கு ஆண்டுக்கு 50 லட்சம் பவுண்டு. ஜெயித்தார். 1964-இல் சட்டம் வந்தது.

கவனியுங்கள், முதலில் வந்த பணம் கட்டடத்துக்கு. நம் சமன்பாட்டின் இரண்டாம் பாதிக்கு. கோல்பர்னில் உடைந்ததும் அதே பாதிதான்.

சம்பளப் பாதி உடைந்தது அடுத்த சில ஆண்டுகளில். 1960-களின் கடைசியில், இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்தைய மாற்றங்களும் வெளி உலகின் மாற்றங்களும் சேர்ந்து, துறவறத்துக்கு வருபவர் குறைந்தனர். இருந்தவர்களில் பலர் விலகினர். அந்த இடங்களில் பொதுநிலை ஆசிரியர்களை வைக்க வேண்டி வந்தது. அவர்களுக்கு வீடு உண்டு, பிள்ளைகுட்டி உண்டு, சம்பளம் கொடுத்தாக வேண்டும். 1970-இலிருந்து மத்திய அரசு தலைக்கு இவ்வளவு என்று தரத் தொடங்கியது. தொடக்கப் பள்ளி மாணவருக்கு 35 டாலர், உயர்நிலை மாணவருக்கு 50 டாலர். 1972-இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சியின் கஃப் விட்லம், பொருளியலாளர் பீட்டர் கார்மல் தலைமையில் குழு அமைத்தார். 1973 மே மாதம் வந்த கார்மல் அறிக்கை, பள்ளியின் தேவையைப் பார்த்துப் பணம் கொடுங்கள் என்றது. ஏழைப் பங்குகளின் பள்ளிகள் பிழைத்துக்கொண்டது அதனால்.

எதிர்ப்பும் இருந்தது. அரசுப் பள்ளி ஆதரவாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்கிற அரசியல் சட்டத்தின் 116-ஆம் பிரிவை இந்த உதவி மீறுகிறது என்பது வாதம். 1981-இல் தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகள் உதவி செல்லும் என்றார்கள். லயனல் மர்ஃபி ஒருவர் மட்டும் மறுத்தார். அதோடு சட்ட வழக்கு முடிந்தது, அரசியல் வழக்கு இன்னும் முடியவில்லை.

இன்று ஆஸ்திரேலிய மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கிறார். 1,750-க்கு மேல் பள்ளிகள். நடைமுறைச் செலவில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு மத்திய, மாநில அரசுகளின் பணம். ஆசிரியர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் துறவி இல்லை.

நம்மூரோடு ஒப்பிட்டால்

தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும். நம்மூரில் 1854-இன் வுட் கல்வி அறிக்கை காலத்திலிருந்தே தனியார் பள்ளிக்கு மானியம் என்ற முறை உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்கிறது. உதவி பெறும் பணியிடத்தில் இருக்கும் சிஸ்டருக்கும் அரசே சம்பளம் தருகிறது. அது அவர் சபைக்குப் போய்ச் சேரும். தன் கைக்கு வராத அந்தச் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்று பல ஆண்டு வழக்கு நடந்து, பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது.

அதாவது இங்கே சிஸ்டரின் உழைப்புக்கு அரசுக் கணக்கில் ஒரு தொகை எழுதப்பட்டது. அங்கே எண்பது ஆண்டு எதுவுமே எழுதப்படவில்லை. நம்மூர்ப் பள்ளி விழாவில் பெற்றோர் விருந்தாளியாக வந்து உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போவதற்கும், அங்கே பெற்றோர் ஏப்ரன் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பதற்கும் இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அங்கே பள்ளியைக் கட்டியதே அவர்கள்தான்.

நம்பிக்கையின் மறுபக்கம்

இந்தக் கதையைத் தியாகக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயமாக இருக்காது. சம்பளம் வாங்காமல் உழைப்பவரைக் கேள்வி கேட்பது கஷ்டம். ஃபாதர், பிரதர் சொன்னால் சரி என்ற பழக்கம் எத்தனையோ பிள்ளைகளின் வாயை அடைத்தது. நிறுவனங்களில் நடந்த சிறார் பாலியல் வன்கொடுமை பற்றி 2013 முதல் 2017 வரை விசாரித்த ஆஸ்திரேலிய அரச ஆணையத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் சாட்சி சொன்னார்கள். கத்தோலிக்க நிறுவனங்கள் தொடர்பான புகார்கள் அதில் பெரும் பங்கு.

இன்றைய மடலில் சிறார் பாதுகாப்புக்கென்று தனிப் பகுதி இருப்பதும், ஆசிரியர், பணியாளர், வெளியிலிருந்து வரும் தன்னார்வலர் எல்லோருக்கும் பின்புலச் சோதனை விதிகள் இருப்பதும் இதனால்தான். சிரமதானத்துக்கு வந்தால்கூடப் பதிவேட்டில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பழைய தலைமுறைக்கு இது எரிச்சலாக இருக்கலாம். ஆனால் இந்தக் காகித வேலைக்குப் பின்னால் இருக்கும் வலியை நினைத்தால் இது குறைந்தபட்சம்.

இப்போது ராஃபிள் எதற்கு?

சரி, முதல் கேள்விக்கு வருவோம். சம்பளம் அரசுப் பணத்தில் வருகிறது. கட்டடத்துக்கும் உதவி உண்டு. பின் எதற்கு சாக்லேட் பெட்டி?

பணம் ஒரு காரணம், ஆனால் சின்னக் காரணம். விளையாட்டுத் திடலுக்கு நிழல் கூரை, நூலகத்துக்குப் புத்தகம் என்று அந்தப் பணம் போகிறது. அது இல்லாவிட்டாலும் பள்ளி ஓடும். பெரிய காரணம், அந்த வேலைகள் இல்லாவிட்டால் பெற்றோர் ஒருவரை ஒருவர் சந்திக்கவே வாய்ப்பில்லை. முன்பு ஞாயிறு பூசையில் பார்த்துக்கொண்டார்கள். இன்று பிள்ளையைக் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்தவர்களில் பெரும்பாலோர் வாராவாரம் கோவிலுக்குப் போவதில்லை. மாணவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கத்தோலிக்கரே அல்ல. சிட்னியின் மேற்குப் புறநகர்களில் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் இந்தப் பள்ளிகளில் உண்டு. இந்தக் கூட்டத்துக்குப் பொதுவான இடம் பலிபீடம் அல்ல, சாசேஜ் சுடும் அடுப்புதான். புலம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பத்துக்கு முதல் உள்ளூர் சிநேகிதம் அங்கே கிடைப்பதும் நடக்கிறது.

அதே சமயம், இந்த ஏற்பாடு ஒரு காலத்து வாழ்க்கைமுறையை அடிப்படையாகக் கொண்டது. அம்மா பகலில் வீட்டில் இருப்பார், கேன்டீனுக்கு வருவார் என்பது அதன் அனுமானம். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், அதுவும் ஷிஃப்ட் வேலை என்றால், மடலில் வரும் நன்றிப் பட்டியலில் பெயர் வராது. பட்டியலில் திரும்பத் திரும்ப அதே எட்டு பத்துப் பெயர்கள் வருவதை நீங்களே கவனிக்கலாம். சமூகம் என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார், யார் விளிம்பில் நிற்கிறார் என்பது அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.

கடைசிப் பக்கத்து வரி

இப்போது கட்டண நினைவூட்டலுக்குக் கீழே வந்த அந்த வரி. கட்ட முடியாதவர்கள் தயங்காமல் பேசவும்.

மக்கிலப் பெனோலாவில் வைத்த விதியின் மிச்சம் இது. பள்ளிகள் கட்டப்பட்டதே ஏழைக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்காக. ஆனால் 2007-இல் நியூ சவுத் வேல்ஸ், தலைநகர்ப் பகுதி ஆயர்கள் பள்ளிகள் குறித்து ஒரு சுற்றுமடல் வெளியிட்டார்கள். அதில் அவர்களே ஒப்புக்கொண்ட விஷயம்: கத்தோலிக்கப் பிள்ளைகளில் பாதிப் பேர் வேறு பள்ளிகளில் படிக்கிறார்கள், ஏழைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மேலும் மேலும் அரசுப் பள்ளிகளுக்குப் போகின்றன. அரசுப் பணம் இல்லாத காலத்தில் ஏழைகளின் பள்ளியாக இருந்தது, அரசுப் பணம் வந்த பிறகு நடுத்தர வர்க்கத்தின் பள்ளியாக மாறிக்கொண்டு வருகிறது.

காரணம் கெட்ட எண்ணம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு காலத்தில் ஏழையும் சிஸ்டரும் ஒரே தெருவில் இருந்தார்கள். யாருக்கு முடியும், யாருக்கு முடியாது என்று சிஸ்டருக்கே தெரியும். யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. இன்று சலுகை வேண்டும் என்றால் அலுவலகத்துக்குப் போய் வருமானச் சான்று காட்டிப் பேச வேண்டும். கேட்பதற்கே கூச்சப்படும் குடும்பம் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டுப் போய்விடும். சலுகை மறுக்கப்படவில்லை. கேட்கப்படவே இல்லை. இந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் 'மறுப்பு' என்று பதிவாகாது.

ஒரு நல்ல விஷயம், இதை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். 2010-இலிருந்து 'மை ஸ்கூல்' என்ற அரசு இணையதளத்தில் ஒவ்வொரு பள்ளியின் விவரமும் இருக்கிறது. பெற்றோரின் கல்வி, தொழில் நிலையை வைத்து ஒரு குறியீட்டு எண் போடுகிறார்கள். சராசரி 1000. நிதி விவரமும் உண்டு: அரசு தந்தது எவ்வளவு, பெற்றோர் கட்டியது எவ்வளவு. ஒரு பள்ளியின் மடலை ஒரு பக்கமும் இந்தப் பக்கத்தை இன்னொரு பக்கமும் திறந்து வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். அதே புறநகரின் அரசுப் பள்ளி எண்ணோடும் ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி பெரிதாக இருந்தால், கடைசிப் பக்கத்து வரி பக்கத்துத் தெருவைப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

நான் பார்த்தவரை, இந்த வரியை மடலின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, பெரிய எழுத்தில், பல மொழிகளில் போடும் பள்ளிகளும் இருக்கின்றன. செலவில்லாத வேலை. ராஃபிள் முடிவுகளைக் கொஞ்சம் கீழே தள்ளினால் இடம் கிடைத்துவிடும்.